தாய்மாருக்கான ஒரு பயிற்சி வந்த வழி



இன்று நான் பேசப்போவது, வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு செய்தி. அதற்காக வானொலியை நிறுத்திவிட வேண்டாம். ஆண்களும் கேட்கலாம். மனைவியின் சுமையை யார் தூக்குவது என்ற கேள்வி இந்தப் பேச்சின் கடைசியில் வருவதால், அவர்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். ஏழு பிள்ளை பெற்றவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெறை வெட்டி முடித்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளி பாலைத் தொங்கவிட்டு மேட்டிலிருந்து ஸ்டோருக்குச் சுமந்தவர். அவருக்கு இருமல் வந்தால் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, காலைப் பின்னிக்கொள்வார். சிறுபிள்ளைகளான நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். கல்யாண வீட்டுக்குப் போனால் வாசலோரமாகத்தான் உட்காருவார். ஒருமுறை வைத்தியம் கேட்கப் போனாராம். "வயசானா அப்படித்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதன்பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவருக்கு இருந்தது சிறுநீர்க் கசிவும், அதோடு கர்ப்பப்பை இறக்கமும் என்று நான் புரிந்துகொண்டபோது அவர் உயிரோடு இல்லை. "அடி தள்ளியிருக்கு" என்று நம் பெண்கள் காதோடு காதாகச் சொல்வார்களே, அதுதான்.

அது ஏன் வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நம் இடுப்பெலும்பு அடி இல்லாத கூடை போன்றது. அதன் அடியில், முன்னெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் ஒரு தசை விரிப்பு தொங்குகிறது. பிள்ளையைத் தூங்கப்போடத் தூளி கட்டுகிறோமே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். மூத்திரப் பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இந்தத் தூளியின் மேல்தான் தங்கியிருக்கின்றன. அவற்றின் வழிகளும் இதனூடேதான் வெளியே வருகின்றன. இருமினாலும் தும்மினாலும் பாரம் தூக்கினாலும் வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழே இந்தத் தூளியில் போய் விழும். தசை வலுவாக இருந்தால் அந்த நொடியில் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். பிள்ளைப்பேற்றில் நைந்து தளர்ந்திருந்தால் நீர் கசியும். நாளடைவில் மேலே இருப்பவையும் மெல்ல இறங்கும்.

இது நேற்று வந்த நோயன்று. ஏறத்தாழ மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தியர் எழுதிவைத்த மருத்துவச் சுவடியிலேயே இறங்கிய கருப்பையை இடத்துக்குக் கொண்டுவர மருந்து சொல்லியிருக்கிறார்கள். கிரேக்க வைத்தியர்கள் செய்ததைக் கேட்டால் உங்களுக்கு வயிறு கலங்கும். நோயாளிப் பெண்ணை ஓர் ஏணியில் தலைகீழாகக் கட்டி, ஏணியைத் தூக்கிக் குலுக்குவார்களாம்! இறங்கியது தானாக உள்ளே போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். பாதியாக அறுத்த மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கக் கொடுப்பதும் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த சொரானஸ் என்பவர்தான், பெண்ணைத் தலைகீழாகத் தொங்கவிடுவது கூடாது என்று எழுதினார். அந்த ஒரு வரிக்காகவே அவரை நினைவில் வைக்கலாம்.

மாதுளம்பழத்தின் இடத்தில் பிற்காலத்தில் வளையம் வந்தது. உள்ளே பொருத்தி, இறங்கும் கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும் வளையம். இதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1844இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்து ரப்பரைச் சூட்டில் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பிறகு ரப்பரை வேண்டிய வடிவில் கெட்டியாகச் செய்ய முடிந்தது. பிலடெல்பியாவில் பேறுகால மருத்துவம் கற்பித்த ஹ்யூ ஹாட்ஜ், அந்தக் கெட்டி ரப்பரில் வளைந்த ஒரு தாங்கியைச் செய்தார். அது அவர் பெயராலேயே உலகெங்கும் போயிற்று. அந்த நாளில் ரப்பர் பிரேசில் காட்டிலிருந்து வந்தது; கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றியது 1877இல்தான். பிறகு மலாயாவில் தோட்டங்கள் பெருகி, நம் பாட்டிமார் வெட்டிய பால் கப்பலேறிப் போய் என்னென்னவோ ஆயிற்று. அதில் எத்தனை வளையம் ஆயிற்றோ, யார் கண்டார்? பால் சுமந்த பாட்டிக்கு மட்டும் அப்படி ஒரு வளையம் இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. இப்போது வளையங்கள் பெரும்பாலும் சிலிக்கோனில் வருகின்றன. இன்றைக்கும் அது நல்ல வைத்தியமே.

அறுவைச் சிகிச்சை வந்த கதையிலும் உழைக்கும் பெண்களே நிற்கிறார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்பது பஞ்சாலை நகரம். பிள்ளை பெற்ற சில நாளில் தறிக்குத் திரும்பி நாள் முழுதும் நின்று வேலை செய்த பெண்கள் அங்கே ஏராளம். 1888இல் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் என்ற மருத்துவர், கருப்பையை எடுத்துவிடாமல் இறக்கத்தைச் சரிசெய்யும் ஓர் அறுவையை அங்கே தொடங்கினார். அது மான்செஸ்டர் முறை என்றே பெயர் பெற்றது.

இந்த வளையத்தையும் கத்தியையும் விட்டு, தளர்ந்த தசையைப் பயிற்சியால் தேற்றினால் என்ன என்று கேட்கப் பல காலம் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டுப் படை அதிகாரி தூரே பிராண்ட், உடற்பயிற்சியும் பிடித்துவிடுதலும் சேர்த்துக் கருப்பை இறக்கத்துக்குச் சிகிச்சை செய்தார். அது ஐரோப்பாவில் பெரிதாகப் பேசப்பட்டு, பிறகு மங்கிப்போயிற்று. அதன்பின் 1930களில் லண்டனில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் மின்னி ராண்டல். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் இருந்து, செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை கற்பித்தவர். இன்னொருவர் மார்கரெட் மோரிஸ், நடனக்காரர். நடனக்காரருக்கு மருத்துவமனையில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். தசை எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பது ஆடுகிறவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவர் முறையாகச் சிகிச்சைப் படிப்பும் படித்தார். பேறுகாலத்துக்கும் அறுவைக்குப் பிற்பட்ட காலத்துக்குமான பயிற்சிகள் பற்றி 1936இல் அவர் வெளியிட்ட நூலில், இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி இருக்கிறது. இதற்குக் கருவி தேவையில்லை, காசும் தேவையில்லை.

ஆனால் இந்தப் பயிற்சிக்கு உலகம் வைத்த பெயர் அந்த இரண்டு பெண்களின் பெயரன்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆர்னல்ட் கேகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் இருந்தார். 1948இல் அவர் எழுதிய கட்டுரையோடு இது கேகல் பயிற்சி ஆகிவிட்டது. அவர் செய்ததும் சிறிய காரியமன்று. இந்தத் தசை கண்ணுக்குத் தெரிவதில்லை. கையை மடக்கினால் பார்க்கலாம். இதை எப்படிப் பார்ப்பது? தாம் இறுக்குவது சரியான தசைதானா என்பது பெண்ணுக்கே தெரிவதில்லை என்பதைக் கேகல் கண்டுகொண்டார். ஆகவே பெரினியோமீட்டர் என்ற ஒரு கருவியைச் செய்தார். உள்ளே வைக்கும் ரப்பர் பகுதி ஒன்று, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் அழுத்தம் காட்டும் முள். பெண் தசையை இறுக்கினால் முள் ஏறும். இன்று இவ்வளவு ஏறியது, அடுத்த வாரம் அதைவிடக் கூடுதல் என்று அவளே பார்த்துக்கொள்ளலாம். நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு இருபது நிமிடம் செய்யச் சொன்னார். தம்மிடம் வந்தவர்களில் மிகப் பலர் குணமடைந்ததாகவும் எழுதினார்.

அங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. பயிற்சியின் பெயர் பரவியது. கருவியும், பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கும் ஆளும் பரவவில்லை. பிள்ளை பெற்றவள் வீடு திரும்பும்போது கையில் ஒரு தாளைக் கொடுத்து, "இறுக்கி இறுக்கி விடுங்கள்" என்று சொல்வதோடு பல இடங்களில் முடிந்துவிட்டது. அதனால் என்ன ஆகும் என்பதை 1991இல் அமெரிக்க மருத்துவர் சிலர் சோதித்துப் பார்த்தார்கள். 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு அளந்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப்பேர்தான். கால்வாசிப் பேர் செய்தது கசிவை இன்னும் கூட்டக்கூடிய முறை! மேலே இழுப்பதற்குப் பதிலாக, பிள்ளை பெறுவதுபோல் கீழே முக்கினார்கள். "நானும் செய்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும் தாய்மார்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருவார்களோ!

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். "இதெல்லாம் நம் யோகத்தில் மூலபந்தம் என்று அப்போதே இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். மூலபந்தம் இருக்கிறது, ஹடயோக பிரதீபிகையில் குதத் தசையை இறுக்கி மேலே இழுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அது யோகி தன் மூச்சை மேலே ஏற்றுவதற்குச் சொன்னது. பிள்ளை பெற்றவளின் குறைக்குச் சொன்னதன்று. நம்முடைய பேறுகாலப் பத்தியத்திலும், வயிற்றைத் துணியால் இறுகக் கட்டும் வழக்கத்திலும் இந்தத் தசைக்கு வேலை இல்லை. வயிற்றுக்கட்டு தாய்க்கு இதமாக இருக்கலாம். அது தூளியை வலுவாக்காது.

சரி, முறையாகச் செய்தால் பலன் உண்டா? உண்டு. இருமும்போதும் சிரிக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் நீர் கசிகிறதே, அந்த வகைக்குப் பலன் தெளிவாகவே இருக்கிறது. 1999இல் நார்வே நாட்டில் 107 பெண்களைப் பிரித்து, சிலருக்கு இந்தப் பயிற்சி, சிலருக்கு மின்தூண்டல், சிலருக்கு உள்ளே வைக்கும் எடைக்கூம்பு என்று கொடுத்து, சிலருக்கு ஒன்றும் கொடுக்காமல் ஆறு மாதம் பார்த்தார்கள். பயிற்சிதான் முந்தியது. 2018இல் பதினான்கு நாடுகளில் நடந்த 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த வகைக் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 பேர். இது மாத்திரை இல்லாத, கத்தி இல்லாத வைத்தியம் என்பதை மறக்க வேண்டாம்.

கேகலின் கருவி வழியில் வந்த இன்றைய கருவிகள் தேவையா என்றும் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் 600 பெண்கள் கலந்துகொண்டார்கள். பயிற்சி தெரிந்த ஒருவர் நேரில் சொல்லிக்கொடுத்த பிறகு, கருவி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இரண்டு ஆண்டு கழித்து வேறுபாடு இல்லை. ஆகவே கருவி வாங்கக் காசில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. சரியாகச் செய்கிறோமா என்று ஒருமுறையாவது பார்த்துச் சொல்ல ஒரு தாதியோ சிகிச்சையாளரோதான் வேண்டும்.

எப்படிச் செய்வது? முதலில் படுத்துக்கொண்டு செய்யுங்கள். காற்று பிரியாமலும் நீர் போகாமலும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி மேலே இழுங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது. பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஏதோ செய்கிறீர்கள் என்றே தெரியக் கூடாது. முதலில் இரண்டு மூன்று எண்ணும்வரைதான் நிற்கும்; நாள் போகப்போகக் கூடும். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் தளரவிடுங்கள். தளர்வதும் பயிற்சியில் பாதி. இப்படி எட்டு முறை. காலை, மதியம், இரவு என்று நாளுக்கு மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று பேசலாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதை மட்டும் செய்யாதீர்கள். பை முழுதும் காலியாகாமல் போகும்.

இன்னொன்று வேலைக்காட்டுக்கே உரியது. இருமல் வருமுன், வாளியைத் தூக்குமுன், உர மூட்டையில் கை வைக்குமுன் அந்தத் தசையை இறுக்கிக்கொண்டு, பிறகு தூக்குவது. 1998இல் அமெரிக்காவில் மிச்சிகன் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தசை வலுப்பெற மாதக்கணக்காகும். ஆனால் இந்தச் சமயம் பார்த்து இறுக்கும் பழக்கம் ஒரே வாரத்தில் கசிவைக் குறைத்தது. எங்கள் பாட்டி காலைப் பின்னிக்கொண்டு நின்றாரே, அவர் தாமாகவே இதன் பக்கத்தில் வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி இந்தப் பயிற்சியால் ஆகாததைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவது உங்களை ஏமாற்றுவதாகும்.

இறங்கிய கருப்பைக்கு இது எவ்வளவு உதவும் என்பதை 2014இல் 447 பெண்களைக் கொண்ட ஓர் ஆய்வு காட்டியது. சிகிச்சையாளரிடம் நேரில் கற்றுப் பயிற்சி செய்தவர்களுக்கு, ஏதோ கீழே இறங்குவது போன்ற உணர்ச்சியும் கனமும் குறைந்தன. ஆனால் இறங்கிய அளவு பெரிதாக மாறவில்லை. வெளியே தெரியும்படி வந்துவிட்ட கருப்பையைப் பயிற்சி உள்ளே இழுத்துவிடாது. அதற்கு வளையம் உண்டு, அறுவை உண்டு. அறுவையையும் அளவறிந்துதான் நம்ப வேண்டும். உள்வழியே பிளாஸ்டிக் வலை வைத்துத் தைக்கும் முறை ஒன்று பல நாடுகளில் பெருகி, பல பெண்களுக்கு வலியும் புண்ணும் கொடுத்தது. இறக்கத்துக்காக அப்படி வைக்கும் வலைகளை விற்கக்கூடாது என்று அமெரிக்க அரசு நிறுவனம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது.

அடுத்தது, தசையே பிய்ந்துபோவது. தூளித் துணி நைந்தால் தைக்கலாம். கயிறு உத்தரத்திலிருந்து அவிழ்ந்துவிட்டால்? 2003இல் மிச்சிகன் மருத்துவர் ஜான் டிலான்சி குழுவினர் படக்கருவியால் பார்த்தபோது, முதல் பிள்ளையை இயல்பாகப் பெற்ற பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தசையில் பழுது தெரிந்தது. பிள்ளை பெறாதவர் ஒருவரிடமும் அது இல்லை. எலும்பிலிருந்து விட்டுப்போன தசையை எத்தனை தரம் இறுக்கினாலும் ஒட்டாது. இது தெரிந்தபிறகு, "நீ ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்று ஒரு தாயைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

நாள் முழுதும் ஓயாமல் நீர் ஒழுகினால் அது வேறு நோய். திடீரென்று அவசரமாக வந்து அடக்க முடியாமல் போவதும் வேறு வகை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் அடிக்கடி போகும். அடியில் வலியோ இறுக்கமோ இருப்பவர்களுக்கு மேலும் இறுக்குவது கெடுதல். இவர்களெல்லாம் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்றபின் இரத்தம் கண்டாலும், நீரில் இரத்தம் கண்டாலும், நீர் பிரியாமல் அடைத்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாகச் சுமைக்கு வருகிறேன். நேப்பாள மலைநாட்டில் பெண்கள் பிள்ளை பெற்ற சில நாளிலேயே விறகும் தண்ணீரும் சுமக்கப் போவார்கள். கருப்பை இறக்கம் அங்கே இளம் தாய்மாரையும் விடவில்லை. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்றே தீர்ப்பளித்து, அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, தலையில் அதே மூட்டையை ஏற்றினால் பயன் என்ன என்பதை அந்த நீதிபதிகள் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி பேறுகால விடுப்பு 60 நாள்தான் இருந்தது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அது 98 நாள் ஆயிற்று. அந்த 98 நாளும் தாய்க்கே உரியவை. பால் வாளி போய்ச் செம்பனைக் காடு வந்துவிட்டாலும் உர மூட்டையும் உதிரிப்பழச் சாக்கும் இருக்கத்தான் செய்கின்றன. பச்சைப் பிள்ளைக்காரி வீட்டில் இருக்கும் நாளில் தண்ணீர்த் தொட்டி நிரப்புவதும், அரிசி மூட்டை இறக்குவதும், எரிவாயுத் தோம்பைத் தூக்கி வைப்பதும் ஆண்பிள்ளைகள் வேலையாக இருக்கட்டும். மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் கவனியுங்கள்; அவையும் தூளியின் மேல் விழும் சுமைதான்.

கிளினிக்குக்குப் போனால் நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. "இருமினால் நீர் போகிறது", "அடியில் ஏதோ இறங்கினாற்போல் இருக்கிறது" என்று சொன்னாலே போதும். மொழி தடையானால் மகளையோ மருமகளையோ துணைக்கு அழைத்துப் போங்கள். "வயசானா அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், பயிற்சி சொல்லிக்கொடுப்பவரிடம் எழுதி அனுப்பும்படி கேளுங்கள்; வளையம் போட முடியுமா என்றும் கேளுங்கள்.